வயது 51, கையில் பி.ஐ.பி.: எச்.ஆர். விசாரணை முடியும் வரை காத்திருக்கலாமா?

கேள்வி: இர்விங், டெக்சாஸிலிருந்து ஒரு வாசகர்
11 மார்ச் 2024

எனக்கு வயது 51. டெஸ்ட் லீட். எச்1பி விசா, ஐ-140 (கிரீன் கார்டுக்காக நிறுவனம் போடும் மனு) ஒப்புதலாகிப் பல வருடம் ஆகிறது. மேனேஜர் பதவி எனக்குத்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நவம்பர் 6 அன்று அதை 32 வயதுக்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டதாக மெயில் வந்தது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதற்குச் சில நாள் முன்புதான் டைரக்டர் மீட்டிங்கில் ‘இந்த டீமுக்கு இளரத்தம் தேவை’ என்று சொல்லியிருந்தார். ஜனவரியில் எச்.ஆரிடம் போய் ‘எனக்கு அநியாயம் நடக்கிறது’ என்று நேரில் சொன்னேன். விசாரிக்கிறோம் என்றார்கள். பிப்ரவரியில் பி.ஐ.பி. வந்தது, அதாவது ‘வேலையில் குறை, இத்தனை நாளில் சரிசெய்’ என்று கெடு வைக்கும் தாள். விசாரணை முடியட்டும், அதுவரை பொறுமையாக இருப்போம் என்று இருக்கிறேன். சரிதானே?

11 மார்ச் 2024, இரவு

சரியில்லை சார். காத்திருக்காதீர்கள்.

எச்.ஆர். விசாரணை நடக்கிறது என்பதால் சட்டத்தின் கெடு நிற்பதில்லை. உச்ச நீதிமன்றம் 1980-இலேயே ரிக்ஸ் வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. ரிக்ஸ் டெலவேர் ஸ்டேட் கல்லூரியில் பேராசிரியர், லைபீரியாக்காரர். நிரந்தரப் பதவியை மறுத்துவிட்டு, கடைசியாக ஓர் ஆண்டு ஒப்பந்தம் மட்டும் கொடுத்தார்கள். அவர் கல்லூரிக்குள்ளேயே முறையீடு செய்து பார்த்தார். பிறகு வழக்கு என்று போனபோது, மறுப்பைத் தெரிவித்த நாளிலிருந்தே கெடு ஓட ஆரம்பித்துவிட்டது, உள்முறையீடு நிலுவையில் இருந்ததால் அது நிற்காது என்று சொல்லிவிட்டார்கள். வழக்கில் நியாயம் இருந்ததா இல்லையா என்ற பேச்சே எழவில்லை.

உங்கள் கணக்கு இது: பதவி மறுப்பு நவம்பர் 6. டெக்சாஸ் மாநிலச் சட்டப்படி புகாருக்கு 180 நாள். அது மே 4, சனிக்கிழமையில் விழுகிறது. மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையமான ஈ.ஈ.ஓ.சி.க்கு டெக்சாஸில் 300 நாள், அதாவது செப்டம்பர் 1 வரை. ‘300 நாள் இருக்கிறதே’ என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட வேண்டாம். அந்த 180 நாள் உங்களுக்கு ஏன் முக்கியம் என்று நாளை எழுதுகிறேன்.

பி.ஐ.பி.க்குத் தனிக் கெடு. ஒவ்வொரு முடிவுக்கும் அதது நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பிப்ரவரியில் நடந்ததற்கான கெடுவுக்குள் இருக்கிறோம் என்பதால் நவம்பரில் நடந்தது உயிரோடு இருக்காது.

12 மார்ச் 2024

கீழே ஒருவர் ‘டெக்சாஸில் தொழிலாளிக்குச் சட்டமே கிடையாது, அட்-வில் மாநிலம், எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம்’ என்று எழுதியிருக்கிறார். அட்-வில் என்பது உண்மை. மொன்டானா தவிர அநேகமாக எல்லா மாநிலமும் அப்படித்தான். காரணம் சொல்லாமல் அனுப்பலாம், அற்பக் காரணத்துக்காகக்கூட அனுப்பலாம். ஆனால் சட்டம் தடுத்த காரணத்துக்காக அனுப்ப முடியாது. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு ஆகியவை 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் ஏழாம் பகுதியில் வருகின்றன. நாற்பதும் அதற்கு மேலும் உள்ள வயதுக்கு 1967 சட்டம். உடற்குறைபாட்டுக்கு 1990 சட்டம். மேனேஜர் கத்துகிறார், ஓரவஞ்சனை செய்கிறார், தன் நண்பனுக்குப் பதவி கொடுக்கிறார் என்றால் அது கெட்ட அலுவலகம், அவ்வளவுதான். இந்தக் காரணங்களில் ஒன்றோடு முடிச்சு விழும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது.

இர்விங் சாரின் கதையில் அந்த முடிச்சு வயது. இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. மத்திய வயதுச் சட்டம் பெயரளவில் வலுவானது. ஆனால் 2009-இல் கிராஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதன் பல்லைப் பிடுங்கியது. அயோவாவில் 54 வயதில் பதவி இறக்கப்பட்டவர் ஜாக் கிராஸ். வயது ஒரு காரணமாக இருந்தது என்று காட்டினால் போதாது, வயது இல்லாவிட்டால் இந்த முடிவே வந்திருக்காது என்று காட்ட வேண்டும் என்றார்கள். நிறுவனம் பக்கத்தில் இன்னொரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தால் திணற வேண்டியதுதான்.

டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் அப்படி இல்லை. தொழிலாளர் சட்டத்தின் 21-ஆம் அத்தியாயத்தின் கீழ், வயது தூண்டுகோல்களில் ஒன்றாக இருந்தாலே போதும் என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 2001-இல் குவாண்டம் கெமிக்கல் வழக்கில் சொல்லியிருக்கிறது. தொழிலாளிக்கு ஒன்றுமே இல்லை என்று எல்லோரும் சொல்லும் மாநிலத்தில், வயது விஷயத்தில் மாநிலச் சட்டம்தான் மத்தியச் சட்டத்தைவிட எளிது. ஆனால் அந்தக் கதவு 180-ஆம் நாள் மூடிவிடும். மே 4-ஐ நான் பிடித்துக்கொண்டு நிற்பது அதனால்தான்.

13 மார்ச் 2024

‘விசாவில் இருப்பவனுக்கு உரிமை ஏது?’ என்ற கேள்விக்கு: அமெரிக்க மண்ணில் வேலை செய்பவருக்கு இந்தச் சட்டங்கள் பொருந்தும். எச்1பியா, கிரீன் கார்டா, குடியுரிமையா என்று இவை பார்ப்பதில்லை. பயம் வேறு இடத்தில் இருக்கிறது, அது நியாயமான பயம். எச்1பியில் வேலை நின்றால், வேறு வேலை தேடவோ கிளம்பவோ கையில் அதிகபட்சம் 60 நாள். பிள்ளைகள் பள்ளியில் இருக்கிறார்கள், வீட்டுக் கடன் இருக்கிறது. ஆனால் ஐ-140 ஒப்புதலாகி 180 நாள் தாண்டியிருந்தால், நிறுவனம் கோபத்தில் அதைத் திரும்பப் பெற்றாலும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் தேதி போகாது. இது தெரியாமல் வாய் மூடி இருப்பவர்கள் நிறைய. குடிவரவு வக்கீல், வேலைச் சட்ட வக்கீல் இருவரும் வேறு வேறு ஆட்கள், இருவரையும் பாருங்கள்.

16 மார்ச் 2024

நான் நியூஜெர்சியில் ஒரு நடுத்தர நிறுவனத்தின் எச்.ஆரில் இருந்தவன். அந்த அறைக்குள் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். இதில்தான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

நம் ஆட்கள் புகார் எழுதினால் எப்படி எழுதுவார்கள்? முதல் பத்தியில் நிறுவனத்துக்கு நன்றி. இரண்டாவதில் தான் எவ்வளவு உழைத்தேன் என்பது. மூன்றாவதில் ‘சில சமீபத்திய நிகழ்வுகள் என்னை மனவருத்தத்துக்கு உள்ளாக்கியுள்ளன’. கடைசியில் மீண்டும் நன்றி. வயது, இனம், கர்ப்பம், மதம் என்ற சொல் எங்கும் இருக்காது. அந்த மெயிலைப் படித்ததும் எச்.ஆர். அதை இருவருக்குள் ஒத்துப்போகாத பிரச்சினை என்று குறித்துக்கொண்டு, மேனேஜரோடு ஒரு காபி சாப்பிடச் சொல்லி முடித்துவிடும். அதே சம்பவத்தை ‘என் வயதைக் காரணமாக வைத்துப் பதவி மறுக்கப்பட்டதாக நம்புகிறேன்; இன்ன தேதியில் இன்னார் இப்படிச் சொன்னார், இன்னின்னார் அங்கே இருந்தார்கள்’ என்று நாலு வரி எழுதினால், அது அன்றே வக்கீல் மேசைக்குப் போகும். நான் அனுப்பியிருக்கிறேன்.

இது வெறும் அலுவலகப் பழக்கமும் இல்லை. சட்டத்தில் பழிவாங்கலுக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பாகுபாட்டை எதிர்த்துப் பேசியவருக்குத்தான். ‘அநியாயம்’ என்று பொதுவாகச் சொன்னால் நீதிமன்றம் அதைப் பாகுபாட்டுப் புகாராக எடுத்துக்கொள்வதில்லை. ‘வயது’ என்று சொல்லியிருந்தால் எடுத்துக்கொள்ளும். வாயால் சொன்னாலும் செல்லும், ஆனால் ஆறு மாதம் கழித்து யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? இர்விங் சார், ஜனவரியில் நீங்கள் நேரில் சொன்னதை ஒரு மெயிலாக இன்றே எழுதுங்கள். ‘ஜனவரியில் நாம் பேசியதன் தொடர்ச்சி’ என்று ஆரம்பித்து, வயது என்ற சொல்லை முதல் வரியிலேயே வையுங்கள்.

அப்புறம் அந்த ‘இளரத்தம்’. உங்கள் பகுதி ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் கீழ் வருகிறது. அங்கே ஒரு பேச்சைச் சான்றாக ஏற்க நாலு விஷயம் பார்ப்பார்கள்: பேச்சு வயதைப் பற்றியதா, முடிவுக்கு நெருங்கிய காலத்தில் சொன்னதா, முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் சொன்னாரா, அந்த முடிவோடு தொடர்புண்டா. உங்கள் டைரக்டர் பேச்சு முதல் மூன்றிலும் தேறுகிறது. நாலாவதற்கு, அந்த மீட்டிங்கில் என்ன தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது என்பது முக்கியம். யார் யார் இருந்தார்கள் என்று இன்றிரவே எழுதி வையுங்கள், வீட்டு நோட்டில்.

19 மார்ச் 2024

மேலே எழுதியதை இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ‘இன்றே மெயில் எழுது’ என்பது இர்விங் சாருக்குச் சரி. அவருக்கு பி.ஐ.பி. வந்துவிட்டது, இழக்க அதிகம் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் எல்லோருக்கும் அது சரியல்ல. இன்னும் எதுவும் நடக்கவில்லை, வெறும் சந்தேகம்தான் என்றால், முதலில் ஒரு மணி நேரம் வக்கீலிடம் பேசிவிட்டு எழுதுங்கள். பழிவாங்கல் சட்ட விரோதம்தான், ஆனால் நடக்காது என்று அர்த்தமில்லை. ஈ.ஈ.ஓ.சி.க்கு வரும் புகார்களில் பல வருடமாக முதலிடம் பழிவாங்கலுக்குத்தான்.

அதை நிரூபிப்பதும் லேசில்லை. 2013-இல் நாசர் வழக்கு. டாலஸிலேயே உள்ள மருத்துவ மையம், மத்திய கிழக்கு வம்சாவளி டாக்டர் ஒருவர். பழிவாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் இது நடந்தே இருக்காது என்று காட்ட வேண்டும் என்று அங்கே சொல்லப்பட்டது. அதனால் தேதிகள்தான் உங்கள் பலம். நல்ல மதிப்பீடு, பிறகு எழுத்தில் புகார், பிறகு சில வாரங்களில் பி.ஐ.பி. என்று வரிசையாக நின்றால் அதுவே பேசும்.

20 மார்ச் 2024

ஒரு தம்பி ‘ஆபீஸ் ஃபைல் எல்லாவற்றையும் ஜிமெயிலுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள்’ என்று யோசனை சொல்லியிருக்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

கிறிஸ்டின் மெக்கெனன் என்ற 62 வயதுப் பெண்மணி, நாஷ்வில்லில் ஒரு பத்திரிகை நிறுவனத்தில் செயலாளர். வயதின் காரணமாக அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் நிறுவனத்தின் ரகசியக் கணக்குத் தாள்களை நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வேலை போய், வழக்கு நடக்கும்போது அவர் வாயாலேயே அது வெளியே வந்தது. 1995-இல் உச்ச நீதிமன்றம், அதற்காக வழக்கையே தள்ள முடியாது என்று ஒருமனதாகச் சொன்னது. ஆனால் அதே மூச்சில், வேலையைத் திரும்பக் கேட்க முடியாது, சம்பள இழப்பும் விஷயம் தெரியவந்த நாளோடு நின்றுவிடும் என்றும் சொன்னது. ஜெயித்தும் பாதி போச்சு. உங்கள் மதிப்பீட்டுத் தாள், உங்கள் சம்பளச் சீட்டு, உங்கள் பி.ஐ.பி. நகல் ஆகியவை உங்களுடையவை. கஸ்டமர் தரவும் அடுத்தவர் சம்பளப் பட்டியலும் அல்ல.

போனில் பதிவு செய்யலாமா என்றும் கேட்டார். டெக்சாஸ், நியூயார்க், நியூஜெர்சியில் பேசுபவர்களில் ஒருவர் சம்மதம் போதும், அந்த ஒருவர் நீங்களே. கலிபோர்னியாவில் ரகசியமான பேச்சுக்கு எல்லோர் சம்மதமும் வேண்டும், மீறினால் குற்றம். நிறுவன விதி தடுத்தால் அதைக் காட்டி அனுப்ப வழி கிடைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

2 ஏப்ரல் 2024

இர்விங் சார் ஈ.ஈ.ஓ.சி. தளத்தில் போட்டுவிட்டாராம், நல்லது. ஆனால் தளத்தில் முதலில் போடுவது ‘இன்குவைரி’ என்ற ஆரம்பக் குறிப்புதான், புகார் அல்ல. அதன்பின் அதிகாரி போனில் பேசி, எழுதி அனுப்புவார். நீங்கள் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அது புகார். போட்டுவிட்டோம் என்று நினைத்துக் கெடுவைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். நேர்காணல் தேதி மே மாதம் என்று வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், கெடு நெருங்குகிறது என்று எழுதி முன்னால் கேளுங்கள். மாநில ஆணையத்துக்கும் சேர்த்துப் பதிவாக வேண்டும் என்பதைப் புகாரில் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.

18 ஏப்ரல் 2024

நேற்று வந்த தீர்ப்பைப் பார்த்தீர்களா? செயின்ட் லூயிஸ் போலீஸில் சார்ஜென்ட் முல்ட்ரோ என்ற பெண் உளவுப் பிரிவில் இருந்தவர். புதிய அதிகாரி அவரை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஆண் ஒருவரைப் போட்டார். பதவி அதே, சம்பளம் அதே. ஆனால் வீட்டுக்கு எடுத்துப்போகும் கார் போனது, வார இறுதி ஷிப்ட் வந்தது. இதுவரை கீழ்நீதிமன்றங்கள் பலவும், சம்பளம் குறையவில்லையே, பெரிய பாதிப்பு என்ன என்று கேட்டு இப்படிப்பட்ட வழக்குகளைத் தூக்கிப் போட்டன. உச்ச நீதிமன்றம், ஏதோ ஒரு பாதிப்பு இருந்தால் போதும், அது பெரிதாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது.

நம் ஆட்கள் அனுபவிப்பது பெரும்பாலும் இந்த வகைதான். கஸ்டமர் மீட்டிங்கிலிருந்து எடுப்பார்கள், நல்ல புராஜெக்டிலிருந்து சப்போர்ட்டுக்கு மாற்றுவார்கள், இரவு ஷிப்ட் தருவார்கள், சம்பளத்தில் கைவைக்க மாட்டார்கள். இனி அதற்கும் கேள்வி கேட்கலாம். காரணம் சட்டம் தடுத்த காரணமாக இருக்க வேண்டும், அது மாறவில்லை.

9 மே 2024

முதலில் நல்ல செய்தி: இர்விங் சாரின் கையெழுத்தான புகார் ஏப்ரல் கடைசியிலேயே பதிவாகிவிட்டது.

இந்தக் கேள்வி-பதில் இழை வேறு பக்கம் போய்விட்டது. பரவாயில்லை, எல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆபீசில் தமிழ் பேசக் கூடாது என்று மெயில் வந்ததாக ஒரு சகோதரி எழுதியிருந்தார். ஆங்கிலம் மட்டும் என்ற விதியை இடைவேளை உட்பட எந்நேரமும் திணித்தால், ஈ.ஈ.ஓ.சி. விதிகள் அதைப் பிறந்த நாட்டுப் பாகுபாடு என்றே முதலில் கருதும். குறிப்பிட்ட வேலை நேரத்தில், தொழிலுக்குத் தேவை என்று காட்டி வைக்கலாம், முன்கூட்டியே தெரிவிக்கவும் வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு மாநிலச் சட்டத்திலேயே தனிப் பிரிவு இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் தமிழ் பேசுங்கள், யாரும் தடுக்க முடியாது. ஆனால் எட்டு பேர் மீட்டிங்கில் ஐந்து பேர் தமிழில் பேசி முடிவெடுத்துவிட்டு, மீதி மூன்று பேரை விழிக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. அந்த மூன்று பேருக்கும் இதே சட்டம் இருக்கிறது.

உச்சரிப்பு பற்றிக் கேட்டவருக்கு: இதில் நீதிமன்றம் எப்போதும் நம் பக்கம் நிற்காது. பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஃபிரகாந்தே என்பவர் ஹொனலூலுவில் அரசு குமாஸ்தா வேலைக்கு எழுத்துத் தேர்வில் முதலிடம். நேர்காணலில் உச்சரிப்பு புரியவில்லை என்று மறுத்தார்கள். 1989-இல் ஒன்பதாம் வட்ட நீதிமன்றம், கவுன்டரில் பொதுமக்களோடு பேசும் வேலை என்பதால் அது செல்லும் என்றது. அதனால் கேள்வி உச்சரிப்பு அல்ல, உங்கள் வேலைக்குப் பேச்சு எவ்வளவு தேவை என்பதுதான். கோட் எழுதும் வேலைக்கு உச்சரிப்பைக் காரணம் காட்டினால் எதிர்த்து நில்லுங்கள்.

27 மே 2024

ஆபீசில் சாதி பார்ப்பதைச் சட்டம் தடுக்கிறதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியை இரண்டு பேர் நீக்கச் சொன்னார்கள். நீக்கக் கூடாது.

எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், குலசாமி எது, அப்பா என்ன வேலை என்று புதிதாக டீமில் சேர்ந்தவரைச் சுற்றி வளைத்துக் கேட்பதும், பாராட்டுகிற மாதிரித் தோளைத் தட்டிப் பூணூல் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பதும் இங்கே நடக்கிறது. கடல் தாண்டி வந்தும் இதைச் சுமப்பவர்கள் என் நண்பர்களிலும் உண்டு, அதற்கு ஆளானவர்களும் உண்டு. ஆளானவர்கள் பெரும்பாலும் வேலையை மாற்றிக்கொண்டு பேசாமல் போய்விடுகிறார்கள்.

சட்ட நிலை இது. மத்தியச் சட்டத்தில் சாதி என்ற சொல் இல்லை. சியாட்டில் நகரம் 2023 பிப்ரவரியில் முதல் நகரமாகத் தடை போட்டது, அதே ஆண்டில் ஃபிரெஸ்னோவும். கலிபோர்னியாவில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்கும் எஸ்பி 403 மசோதா இரு அவைகளிலும் நிறைவேறி, 2023 அக்டோபரில் ஆளுநர் நியூசம் அதை நிராகரித்தார். ஏற்கெனவே உள்ள சட்டமே இதைத் தடுக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அந்த மாநிலச் சட்டத்தில் வம்சாவளி என்ற சொல் இருக்கிறது. சிஸ்கோ மீது மாநிலம் 2020-இல் போட்ட வழக்கும் இதே வகையில்தான். 2023-இல் தனிநபர் இருவர் மீதானதை மட்டும் மாநிலம் திரும்பப் பெற்றது.

ஆனால் யாரும் கவனிக்காத பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. உள்நாட்டுப் போர் முடிந்ததும் 1866-இல் வந்த சிவில் உரிமைச் சட்டம், இன்று 1981-ஆம் பிரிவு என்பார்கள். இராக்கில் பிறந்த பேராசிரியர் ஒருவரின் வழக்கில், வம்சாவளியை வைத்துச் செய்யும் பாகுபாடும் அதில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1987-இல் சொன்னது. ஊழியர் எண்ணிக்கைக்குக் கீழ்வரம்பு இல்லை, இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை, நாலு ஆண்டு அவகாசம், ஈ.ஈ.ஓ.சி. படியேற வேண்டியதில்லை. சாதி வழக்கு ஒன்று இந்த வழியில் முழுதாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. வக்கீல்கள் இதைப் படித்தால் யோசியுங்கள்.

24 ஜூன் 2024

இர்விங் சாரை லேஆஃபில் அனுப்பிவிட்டார்கள். கூட ஒரு கும்பலையும். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் பன்னிரண்டு வாரச் சம்பளம் என்றார்களாம்.

போடாதீர்கள். நாற்பதும் அதற்கு மேலும் வயது உள்ளவரிடம் வயது உரிமையை எழுதி வாங்க, 1990-இல் வந்த வேறொரு சட்டம் நிபந்தனை வைக்கிறது. தனி ஆளாக அனுப்பினால் யோசிக்க 21 நாள், கும்பலாக அனுப்பினால் 45 நாள். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்பப் பெறலாம். வக்கீலைப் பாருங்கள் என்று தாளில் எழுதியிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக் கெடு வைத்தால், வயது உரிமையை விட்டுக்கொடுப்பதாக அந்தத் தாளில் எழுதியது செல்லாது. லூசியானாவில் டோலோரஸ் ஊப்ரே என்ற பெண்மணிக்கு 14 நாள்தான் கொடுத்தார்கள், திரும்பப் பெறும் உரிமையையும் சொல்லவில்லை. அவர் 6,258 டாலரை வாங்கிக்கொண்டு வழக்கும் போட்டார். பணத்தைத் திருப்பித் தராமலே வழக்கு நடத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 1998-இல் சொன்னது.

கும்பல் லேஆஃபில் இன்னொரு தாளும் தர வேண்டும்: அந்தப் பிரிவில் யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள் என்று பதவியும் வயதும் போட்ட பட்டியல். பெயர் இருக்காது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

29 ஜூன் 2024

பட்டியல் வந்துவிட்டது, பெயர் இல்லாததால் எனக்கும் வாசித்துக் காட்டினார். டெஸ்ட் லீட், 51, நீக்கம். டெஸ்ட் லீட், 54, நீக்கம். டெஸ்ட் லீட், 33, தொடர்கிறார். சீனியர் டெஸ்டர், 48, நீக்கம். சீனியர் டெஸ்டர், 29, தொடர்கிறார். சீனியர் டெஸ்டர், 44, தொடர்கிறார். அந்த 44-ஐக் காட்டி, பாருங்கள், நாற்பதுக்கு மேல் ஆளை வைத்திருக்கிறோமே என்பார்கள். அது முழுப் பதிலாகாது. 56 வயதுக்காரரை எடுத்துவிட்டு 40 வயதுக்காரரைப் போட்ட வழக்கில், வந்தவர் நாற்பதைத் தொட்டவரா என்பதல்ல, எவ்வளவு இளையவர் என்பதே முக்கியம் என்று 1996-இல் ஒருமனதாகத் தீர்ப்பு இருக்கிறது.

ஏப்ரல் புகார் இந்த நீக்கத்துக்குத் தானாகப் பொருந்தாது. புகாரைத் திருத்தி, நீக்கத்தையும் பழிவாங்கலையும் சேர்க்க வேண்டும். வக்கீல் இதைத்தான் முதலில் செய்கிறாராம். நல்ல வக்கீல்.

15 அக்டோபர் 2024

லில்லி லெட்பெட்டர் இறந்துவிட்டார், 86 வயது. கெடு பற்றிய இழையில் அவரைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அலபாமாவில் குட்இயர் டயர் ஆலையில் 1979-இலிருந்து வேலை. கடைசியில், அவர் வகித்த மேற்பார்வைப் பதவியில் இருந்த ஒரே பெண். யாரோ பெயர் போடாமல் எழுதி வைத்த சீட்டு ஒன்றால்தான் விஷயமே தெரிந்தது. அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே வேலையில் மிகக் குறைவாக வாங்கிய ஆணுக்கு 4,286. ஜூரி முப்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது, சட்ட வரம்பு அதை 3,60,000 ஆக்கியது, மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் பறித்தது, 2007-இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்று அதை உறுதி செய்தது. சம்பளத்தைக் குறைத்து முடிவெடுத்த நாளிலிருந்து 180 நாளுக்குள் வந்திருக்க வேண்டுமாம். தெரியாத ஒன்றுக்கு எப்படிப் புகார் கொடுப்பது? நீதிபதி கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பை நீதிமன்றத்தில் உரக்கப் படித்தார். 2009 ஜனவரி 29-இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம், ஒவ்வொரு குறைந்த சம்பளச் சீட்டும் புதுக் கெடுவைத் தொடங்கும் என்று மாற்றியது. லெட்பெட்டருக்கு அதில் ஒரு காசு வரவில்லை. பின்னால் வந்தவர்களுக்கு வந்தது.

சம்பளத்தைப் பற்றிச் சக ஊழியரோடு பேசக் கூடாது என்று உங்கள் ஆபீசில் சொல்கிறார்களா? 1935 தொழிலாளர் உறவுச் சட்டப்படி தனியார் நிறுவன ஊழியர் பேசலாம், தடுக்க முடியாது. மேற்பார்வை அதிகாரம் உள்ளவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பேசுங்கள். அந்தச் சீட்டு வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

3 பிப்ரவரி 2025

இர்விங் சாருக்கு அடுத்த வாரம் ஈ.ஈ.ஓ.சி. சமரசப் பேச்சு. என்ன நடக்கும் என்று கேட்டார். நான் நிறுவனப் பக்கம் உட்கார்ந்து பார்த்தது உண்டு. பேசியதைச் சொல்லக் கூடாது, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு அறை. ஒன்றில் ஊழியரும் அவர் வக்கீலும், இன்னொன்றில் நாங்கள். நடுவர் மாறி மாறி நடந்துகொண்டிருப்பார். கட்டணம் இல்லை, கட்டாயமும் இல்லை, யார் சரி என்று அவர் சொல்லவும் மாட்டார். காலையில் எங்கள் வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுவர் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார், ஊழியர் எச்.ஆருக்கு எழுதிய மெயில். எங்கள் வக்கீல் மேலே இருந்த தேதியைப் பார்த்தார், கையில் இருந்த பதவிநீக்கக் கடிதத்தின் தேதியைப் பார்த்தார், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதற்குப் பிறகு அன்று முழுக்கத் தொகை பற்றித்தான் பேச்சு.

சார், கையெழுத்தாகும் வரை தொகையை யாரிடமும் சொல்லாதீர்கள். அதன்பின் ஒப்பந்தம் தடுத்தால் சொல்லவே முடியாது.

21 பிப்ரவரி 2025

முடிந்தது என்று இர்விங் சார் ஒரு வரி எழுதியிருக்கிறார். விவரம் கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். புது வேலையும் கிடைத்திருக்கிறது, எச்1பி மாற்றமும் ஆகிவிட்டது.

8 ஜூன் 2025

கடைசியாக வந்த கேள்வி: ‘எங்கள் டீமில் இந்திய மேனேஜர் இந்தியர்களையே எடுக்கிறார். என்னுடன் வேலை செய்யும் அமெரிக்கர் இதைப் பற்றிப் புகார் கொடுக்க முடியுமா?’

முடியும். மூன்று நாள் முன்பு வந்த ஏம்ஸ் தீர்ப்பு அதையே சொல்கிறது. ஒஹாயோ அரசுத் துறையில் வேலை பார்த்த பெண் அவர். பெரும்பான்மைப் பிரிவைச் சேர்ந்தவர் கூடுதலாக எதையோ நிரூபிக்க வேண்டும் என்று சில வட்ட நீதிமன்றங்கள் வைத்திருந்த விதியை ஒன்பது நீதிபதிகளும் சேர்ந்து தள்ளினார்கள், எழுதியவர் நீதிபதி ஜாக்சன். எவருக்கும் ஒரே அளவுகோல்தான்.

மேனேஜராக இருக்கும் தமிழர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். நம் ஊர்ப் பையன், நம் கல்லூரிப் பெண் என்று கைதூக்கி விடுவதை நாம் உதவி என்று நினைக்கிறோம். நேர்காணலுக்கு வந்த மற்றவருக்கு அது பாகுபாடு, சட்டமும் அவர் பக்கம். எடுத்த காரணத்தை வேலையின் தேவையை வைத்து எழுத முடியாவிட்டால் அந்த ஆளை எடுக்காதீர்கள். கேட்டவருக்கு: அந்த அமெரிக்க நண்பருக்கும் கெடு இதேதான். எந்த மாநிலம் என்று சொல்லுங்கள். கலிபோர்னியா என்றால் மாநிலத்துக்கு மூன்று ஆண்டு, டெக்சாஸ் என்றால் 180 நாள்.